உதடு படாத தண்ணீர்

எங்கள் கம்பெனியில் என் பதவிக்கு நீளமான பெயர் உண்டு. செய்கிற வேலை அவ்வளவு நீளமில்லை. உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் எங்கள் குடுவையில் தண்ணீர் குடித்த பயணிக்கு வயிற்றைக் கலக்கினால், விமானம் ஏறிப் போய்க் குடுவையைச் சோதித்து, "தண்ணீரில் தப்பில்லை, தெருவோரத்தில் நீங்கள் சாப்பிட்ட நத்தையில்தான் தப்பு" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். அதனால் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

கம்போடியாவுக்கு என்னை அனுப்பியதற்கு என் திறமை காரணமில்லை, தாய்மொழிதான் காரணம். காரைக்குடிப் பக்கத்திலிருந்து அங்கோர் கோயில்களைப் பார்க்க வந்த ஒரு சுற்றுலாக் கூட்டம், ஒரே ஒருவரைத் தவிர, மொத்தமாக சியெம் ரீப் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டது. எல்லார் கையிலும் எங்கள் குடுவை. சிங்கப்பூர் அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். "நறுமுகை, நீயே போ" என்றாள் என் மேலாளர் வெய் லிங். அவள் வாயில் என் பெயர் படும் பாட்டுக்கே எனக்குத் தனியாகப் படி கொடுக்க வேண்டும்.

குடுவையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அம்மா காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ, கடையில் மூடி போட்ட பாட்டிலாக வாங்கியோ சமாளித்தார்கள். பிறகு வெள்ளங்கள் பெருகின. வெள்ளத்தில் ஒரு கிருமியும் தேறி வந்தது. கொதிக்க வைத்தால் அது விதை மாதிரி சுருண்டு உறங்கும்; வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். அந்தந்த ஊரில் பிறந்தவர்களின் குடலில் அதைத் தின்று தீர்க்கிற காவல் உயிர்கள் இருக்கின்றன. வெளியூர்க்காரனுக்கு இல்லை. ஊருக்கு ஊர் கிருமி வேறு, ஆளுக்கு ஆள் குறையும் வேறு. அதற்குத்தான் எங்கள் குடுவை. அதன் வாயில் பச்சையாக ஒளிரும் ஒரு வளையம் உண்டு. குடிக்கிறவரின் உமிழ்நீரைத் தொட்டுப் பார்த்து, அவர் வயிற்றில் எந்தக் காவல் இல்லையோ அதை அந்த வாய்த் தண்ணீரிலேயே கலந்து கொடுத்துவிடும். ஜனங்கள் அதற்குப் 'பச்சைவாய்' என்று பெயர் வைத்தார்கள். பச்சைவாய் இல்லாமல் இப்போது யாரும் எல்லை தாண்டுவதில்லை.

ஆஸ்பத்திரியில் என்னை எதிர்கொண்டவர் டாக்டர் போபா. சின்ன உருவம், தூங்காத கண்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்.

"தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை" என்றார். "எல்லாக் குடுவையிலும் பச்சை எரிகிறது. பச்சை எரிந்தால் அந்தக் கிருமிக்குச் சோதனையே வேண்டாம் என்பது விதி. உங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்த விதிதானே?"

ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சாப்பாடு?"

"ஊரிலிருந்தே சமையல்காரரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். வெளியில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அந்தச் சமையல்காரரும் இங்கேதான் படுத்திருக்கிறார்."

"ஒரு சந்தேகத்துக்கு அந்தக் கிருமிக்கான மருந்தைக் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?"

"கொடுக்கலாம். கிருமி இல்லாதவருக்குக் கொடுத்தால் சிறுநீரகம் போய்விடும். இருக்கிறது என்று தெரிய வேண்டும். சோதனைப் பொருள் தலைநகரில் இருக்கிறது. குடுவை தவறிவிட்டது என்று உங்களைப் போல ஒருவர் சொன்னால்தான் அனுப்புவார்கள்." கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த ஒரு கட்டிலைக் காட்டினார். "மற்றவர்கள் தாங்குவார்கள். அந்த அம்மாள் தாங்க மாட்டார். சீக்கிரம் சொல்லுங்கள்."

குடுவைகளை வரிசையாக வைத்துச் சோதித்தேன். எல்லாம் கிண்ணென்று வேலை செய்தன. என் உதட்டை வைத்த மாத்திரத்தில் வளையம் மினுங்கியது. யார் எப்போது குடித்தார் என்பதைக் குடுவை நினைவில் வைத்துக்கொள்ளாது; மனிதர் உமிழ்நீர்க் கணக்கைச் சேமிக்கக் கூடாதென்று சட்டம். காவல் உயிர்கள் வளையத்துக்குள் தாமாகவே பெருகிக்கொள்வதால் அவற்றின் அளவும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் சமையல்காரரையே கூட்டி வந்தவர்களிடம் எந்த நத்தையின் மேல் பழி போடுவது?

தொற்றுத் தடுப்பு உடுப்புகளைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாளின் அறைக்குள் போனேன். உமையாள் ஆச்சி. கறுத்து ஒடுங்கிய முகத்தில் மூக்குத்தி மட்டும் ஆரோக்கியமாக இருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் அவர் கணவர் சாத்தப்பன். கூட்டத்தில் நோய் தொடாத ஒரே ஆள். வேடிக்கை என்னவென்றால், கூட்டத்திலேயே உடம்புக்கு முடியாதவரும் அவர்தான். நடுக்க நோய். இரண்டு கைகளும் மடியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"உக்காரு ஆத்தா. எந்தூரு?"

"தூத்துக்குடிங்கய்யா."

"நம்ம பாசையில ஒரு குரலக் கேட்டு எத்தனை நாளாச்சு. எல்லாரும் அங்கிட்டுப் படுத்துட்டாக." மனைவியைப் பார்த்தார். "இவ தின்னதத்தான் நானும் தின்னேன். என்னைய மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கு? போக வேண்டியவன் நானுல்ல."

ஆச்சி கண்ணைத் திறந்தார். என்னைத் தாதி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "இவுகளுக்கு மாத்தர குடுத்தீகளா?" என்று கேட்டார். குரல் தரையிலிருந்து வந்தது.

"குடுக்கிறேன் ஆச்சி" என்றேன்.

"அவ கெடக்குறா. சாகப் போற நேரத்துலயும் என் மாத்தரதான் அவளுக்கு" என்று சலித்துக்கொண்டே சாத்தப்பன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். கண் கலங்கியதை மறைக்க அந்தச் சலிப்பு. பிறகு பச்சைவாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து குடித்தார்.

எதற்குத் திரும்பிக்கொள்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன்.

"எச்சி பண்ணிக் குடிக்கிறத நாலு பேரு பாக்கணுமா? முன்னல்லாம் காப்பியக்கூட நான் வாய் வச்சுக் குடிச்சதில்ல. இந்தக் கை ஆட ஆரம்பிச்ச பெறகு, அண்ணாந்து ஊத்துனா சட்டதான் குடிக்கிது. வீட்டுல எனக்குன்னு தனி டம்ளர். நானே கழுவி வச்சுக்குவேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "வந்த அன்னைக்கே கைடு பையன் சொன்னான், வாய வச்சுத்தான் குடிக்கணும்னு. நம்ம ஆளுக யாரு கேட்டா? இவ மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி வாய வச்சா. 'என்னடி, நீயும் என்னைய மாதிரி எச்சிக் கேஸா ஆயிட்டே'ன்னேன். பஸ்ஸு பூராச் சிரிச்சுச்சு. மூஞ்சி செவந்து போச்சு அவளுக்கு. அதோட அவளும் தூக்கித்தான் குடிச்சா."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார்.

நான் எழுந்து அடுத்த அறைக்கு ஓடினேன். சமையல்காரர் வைரவன் தலையணையில் சாய்ந்திருந்தார். டாக்டர் போபா அங்கேதான் இருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி குடிச்சுக் காட்டுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குடுவையை எடுத்தார், தலையைப் பின்னால் சாய்த்தார், ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றினார். தண்ணீர் கோடு பிசகாமல் தொண்டைக்குள் இறங்கியது. நோயிலும் ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குடுவையின் வாயில் பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் இவர் குடுவையைத் தொடாமல் குடிக்கிறார்?" என்றார் டாக்டர்.

"நாங்கள் இப்படித்தான் குடிப்போம். வாய் பட்டால் எச்சில். எச்சில் பட்டதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. தூக்கிக் குடிப்பதுதான் மரியாதை."

"இவர் மட்டுமா?"

"ஊரே."

"அப்படியானால் அந்த வளையம்…"

"அதற்கு உமிழ்நீர் கிடைக்கவே இல்லை, டாக்டர். பச்சை என்றால் குடுவை தயார் என்று அர்த்தம். தண்ணீர் சுத்தம் என்று நாம்தான் நினைத்துக்கொண்டோம். இவர்கள் இத்தனை நாளும் குடித்தது காவல் எதுவும் கலக்காத இந்த ஊர்த் தண்ணீர்."

டாக்டர் போபா ஒரு கணம் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு நடைவழியில் ஓடினார். குடுவை தவறிவிட்டது என்று என் குரலிலேயே தலைநகருக்குச் சொன்னேன். சோதனைப் பொருள் அன்று மாலைக்குள் பறந்து வந்தது. எல்லார் வயிற்றிலும் அதே கிருமி. மருந்து ஏறத் தொடங்கியது. வைரவன் மறுநாள் காலையில் ரசம் கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

உமையாள் ஆச்சி எழவில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே நின்று போயிருந்தது. மருந்தைத் தாங்க அந்த உடம்பில் எதுவும் மிச்சமில்லை என்று டாக்டர் போபா என்னிடம் சொன்னார். அதை நான்தான் சாத்தப்பனிடம் தமிழில் சொன்னேன். இதற்கா என் தாய்மொழியை இத்தனை தூரம் சுமந்து வந்தேன் என்று இருந்தது.

அவர் அழவில்லை. ஆடுகிற கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அமுக்கிக்கொண்டார்.

"தண்ணியிலயா வந்துச்சு?"

"ஆமாங்கய்யா."

"வாய வச்சுக் குடிச்சிருந்தா வந்திருக்காதோ?"

பக்கத்திலிருந்த குடுவையைப் பார்த்தார்.

"நான் சிரிச்சதுனாலயா ஆத்தா?"

"இல்லைங்கய்யா. எல்லாருமே அப்படித்தான குடிச்சாங்க. செஞ்சவங்க மேலதான் தப்பு. ஊருல மனுசங்க எப்படிக் குடிக்கிறாங்கன்னு பாக்காமச் செஞ்சிருக்காங்க."

அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. "அவ ஒருத்திதான் சொன்னபடி கேட்டா" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து வெய் லிங்கைக் கூப்பிட்டேன். அவள் முழுவதையும் கேட்டாள். "குறிப்பில் தெளிவாக இருக்கிறது, உதட்டை வைத்துக் குடிக்க வேண்டும் என்று. பயன்படுத்தியவர்கள் பிழை" என்றாள். கம்பெனி கை கழுவுவதற்குத் தண்ணீர்கூடத் தேவைப்படுவதில்லை.

"ஒரு ஊர் மொத்தமும் பிழை செய்யாது, வெய் லிங். அவர்கள் பிறந்ததிலிருந்து இப்படித்தான் குடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் குடுவையை எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இப்போது எந்தெந்த நாட்டில் பச்சை விளக்கை நம்பி அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள்?"

கெட்டவள் இல்லை அவள். பயந்தவள்.

"சரி. என்ன செய்யலாம்? உதடு படாமல் ஊற்றினால் எச்சரிக்கை ஒலி வரும்படி செய்யலாமா?"

"ஒலியை எங்கள் ஆட்கள் கொசு மாதிரித் தட்டிவிட்டுப் போவார்கள். பூட்டிவிடு. உமிழ்நீர் கிடைக்காமல் ஒரு சொட்டு வெளியே வரக் கூடாது."

"குழந்தைகளுக்கு ஊற்றித் தருகிறவர்கள்?"

"குழந்தையும் உதட்டை வைக்கட்டும்."

கோபத்தில் சொன்னேன். ஆனால் யோசித்தும்தான் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையே சொல்வேன், அதுதான் என் கஷ்டம். அன்றைக்கே ஒப்புதல் வாங்கினாள். காற்று வழியாகக் கட்டளை போனது. மறுநாள் மதியத்துக்குள் உலகத்திலுள்ள எல்லாப் பச்சைவாயும் பூட்டிக்கொண்டன. உதடு பட்டால் மட்டும் திறக்கும். டாக்டர் போபா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஆச்சியின் மூச்சு மாறிவிட்டதென்று தாதி வந்து கூப்பிட்டாள். மகன் டொராண்டோவிலிருந்து வரும் விமானத்தில் இருந்தான். அவனுக்காகக் காத்திருக்க அந்த மூச்சு தயாராக இல்லை.

நான் உள்ளே போனபோது சாத்தப்பன் மனைவியின் தலையைத் தன் மடிக்கு நகர்த்தியிருந்தார். ஆச்சியின் உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. நாக்கு வெளியே வர முயன்று ஒட்டிக்கொண்டது.

"தண்ணி" என்றார் ஆச்சி. சத்தமே இல்லை. வாயசைவுதான்.

சாத்தப்பன் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கொடுக்கலாம் என்று டாக்டர் போபா தலையசைத்தார். இனி எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

"கடைசித் தண்ணி ஆத்தா" என்றார் அவர் என்னிடம். "மகன் ஊத்தணும். அவன் இல்ல. நான் ஊத்துறேன். கைய மட்டும் புடிச்சுக்க."

கட்டிலருகே இருந்த குடுவையை எடுத்தார். அவர் மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். நடுக்கம் என் கைக்கும் ஏறியது. குடுவையை ஆச்சியின் வாய்க்கு மேலே சாய்த்தோம்.

தண்ணீர் வரவில்லை.

அவர் இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. "என்னாச்சு? காலியா?" என்று குடுவையைக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

அவர் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கி, அதன் வாயை ஆச்சியின் உதட்டில் வைத்து அழுத்தினேன். வளையம் மஞ்சளாகச் சிமிட்டியது. உமிழ்நீர் தேடுகிறது. அந்த வாயில் உமிழ்நீர் ஏது? உதட்டை விலக்கி ஈறில் வைத்தேன், நாக்கில் வைத்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். மூடியைத் திருகினேன். திறக்காது, எனக்குத் தெரியும். தண்ணீர் நிரப்புவது அடியிலுள்ள ஒருவழித் துளையில்; மற்றபடி கிருமி புகாதபடி மூட்டில்லாமல் செய்தது. அதைக் கல்லில் அடித்தாலும் உடையாது என்று எத்தனை பேரிடம் நானே பெருமையடித்திருக்கிறேன்.

"டம்ளர், ஒரு டம்ளரில் தண்ணீர்!" என்று கத்தினேன். அந்தப் பிரிவில் குழாயே கிடையாது. தொற்றுக்குப் பயந்து எடுத்துவிட்டார்கள். தாதி ஓடினாள். இரண்டு கதவு தாண்டி, உடுப்பு மாற்றி, கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும். ஆச்சியின் மூச்சு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்டுகொண்டே போனது.

"ஐயா, மன்னிச்சிருங்க. நான்தான் பூட்டச் சொன்னேன். வாய் வச்சாத்தான் தெறக்கும்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசான மனிதர் முன்னால் குழந்தை மாதிரி நின்று அழுதேன்.

சாத்தப்பன் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குடுவையை என்னிடமிருந்து வாங்கினார். இந்த முறை சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. டாக்டர், நான், கண்ணாடிக்கு வெளியே சக்கர நாற்காலிகளில் வந்து நின்ற அவர் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்க்க, குடுவையில் உதட்டை வைத்தார். பச்சை மினுங்கியது. வாய் நிறையத் தண்ணீரை வாங்கிக்கொண்டு, விழுங்காமல், குனிந்தார்.

டாக்டர் போபா தடுக்கப் போவதுபோல் ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

கை ஆடியது, தோள் ஆடியது. தலை மட்டும் எப்படியோ அசையாமல் இருந்தது. மனைவியின் வாயில் தன் வாயை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, புரையேறாதபடி நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார். ஆச்சியின் தொண்டை ஒரு முறை அசைந்தது. இன்னொரு முறை அசைந்தது. கண்களைத் திறந்து அவரைப் பார்த்தார். என்ன இது, எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதுபோல் ஒரு பார்வை. அந்தக் கறுத்த முகம் லேசாகச் சிவந்ததாக எனக்குப் பட்டது. அப்படி நடந்திருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அதற்குப் பின் மூச்சு வரவில்லை.

அவர் தோளில் கிடந்த துண்டால் ஆச்சியின் மோவாயைத் துடைத்துவிட்டார். மழை நிற்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே யாரோ ஒரு பெண் வாய்விட்டு அழுதாள்.

கதவு திறந்தது. தாதி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரை ஏந்தியபடி வந்து நின்றாள். அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அங்கிட்டு வச்சிரச் சொல்லு ஆத்தா" என்றார் சாத்தப்பன். "அவ குடிச்சிட்டா."